ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் லினக்ஸும்: ஹைபர்னேஷனை யாருக்குக் கொடுப்பது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் எட்டாம் தலைமுறை இன்டெல் சிப்பும் இல்லாத லேப்டாப்புகள் நம் வீடுகளில் இன்னும் ஏராளம். 2011 முதல் 2014 வரை வந்த திங்க்பேட், எலீட்புக், லேட்டிட்யூட் போன்றவற்றின் கீபோர்டும் உடலும் இன்றும் உறுதியாகத்தான் இருக்கின்றன. தூக்கிப் போட மனம் வராது, போடவும் வேண்டாம். கணக்கு மென்பொருளுக்கும் பழகிப்போன தமிழ்த் தட்டச்சான முரசு அஞ்சலுக்கும் விண்டோஸ் இருக்கட்டும். வங்கி, இணையம், படிப்பு எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும் ஒரு லினக்ஸைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்பதே கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பலர் எடுக்கும் முடிவு.

இந்த வயது லேப்டாப்பில் ஹைபர்னேஷன் ஓர் ஆடம்பரம் அல்ல. ஸ்லீப் நிலையில் ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி தளர்ந்துவிட்டால், மாலை இடியில் வீட்டு மெயின் சுவிட்ச் ட்ரிப் ஆன மறுநிமிடமே திறந்து வைத்த எல்லாம் போய்விடும். ஹைபர்னேட் செய்தால் ரேமில் உள்ளது டிஸ்க்கில் எழுதப்பட்டு, மெஷின் முழுதாக அணைந்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எல்ஆர்டி ரயில் ஏறலாம்.

சிக்கல், ஹைபர்னேஷனும் பல இயங்குதளமும் ஒரே டிஸ்க்கில் சேரும்போது வருகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை இது: ரேமைப் போல இருமடங்கு ஸ்வாப் (ரேமில் உள்ளதை லினக்ஸ் டிஸ்க்கில் எழுதி வைக்கும் இடம்), இரண்டு சிஸ்டத்துக்கும் பொதுவாக ஒரு பெரிய டேட்டா பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதி). ஹைபர்னேட் செய்யாதவர்களுக்கு இது ஒத்துவரும். ஹைபர்னேட் செய்கிறவர்களுக்கோ, பொது டேட்டா பார்ட்டிஷன்தான் கோப்புகளைக் காவு வாங்கும் இடம். ஆகவே எத்தனை ஜிபி என்று கணக்குப் போடுமுன், எந்தச் சிஸ்டம் ஹைபர்னேட் ஆகப்போகிறது என்று முடிவு செய்யுங்கள். ஒன்றுக்கு மட்டும் அந்த உரிமையைக் கொடுங்கள். மற்றது ஒவ்வொரு முறையும் முழுதாக ஷட் டவுன் ஆகட்டும்.

ஏன் ஒன்றுக்கு மட்டும்?

லினக்ஸில் டேட்டா பார்ட்டிஷனைத் திறந்து வைத்து, அப்படியே ஹைபர்னேட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த இடம் காலி என்கிற பட்டியலின் ஒரு பகுதி ரேமில் இருந்தது. இப்போது அது ஸ்வாப்பில் உறைந்து கிடக்கிறது. பிறகு விண்டோஸை பூட் செய்து, அதே பார்ட்டிஷனில் மாணவர் மதிப்பெண் கோப்பு ஒன்றைச் சேமிக்கிறீர்கள். விண்டோஸ் அதைக் காலி இடத்தில் எழுதி, டிஸ்க்கில் உள்ள பட்டியலைத் திருத்துகிறது. மறுநாள் லினக்ஸ் விழிக்கிறது. அதன் நினைவில் இருப்பது பழைய பட்டியல். அந்தக் கோப்பு இருப்பதே அதற்குத் தெரியாது. அது உட்கார்ந்திருக்கும் இடத்தைக் காலி என்று நம்பி வேறு எதையாவது அங்கே எழுதும், பழைய பட்டியலையும் டிஸ்க்கில் திரும்ப எழுதும். எந்த எச்சரிக்கையும் வராது. அடுத்த முறை விண்டோஸ் டிஸ்க்கைச் சரிபார்க்கும்போது பெயரில்லாத துண்டுகள் ஒரு ஃபோல்டரில் குவிந்திருக்கும், மதிப்பெண் கோப்பு திறக்காது.

திசையை மாற்றினால் நிலைமை கொஞ்சம் மேல். விண்டோஸ் ஹைபர்னேட் ஆகியிருந்தால், சி டிரைவில் கிடக்கும் ஹைபர்னேஷன் கோப்பைப் பார்த்து விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தைத் திறக்க லினக்ஸ் வைத்திருக்கும் டிரைவர் எழுத மறுத்துவிடும். ஆனால் அந்தக் கோப்பு சி டிரைவில் மட்டும்தான் இருக்கிறது. டி டிரைவில் பாதுகாப்பு அவ்வளவு கெட்டியில்லை. லினக்ஸ் உறங்கிக்கொண்டிருப்பதைக் கண்டுகொள்ள விண்டோஸிடமோ எந்த ஏற்பாடும் கிடையாது. இந்த ஏற்றத்தாழ்வை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள வழிகளை எடைபோட வேண்டும்.

விண்டோஸில் இன்னொரு பொறி: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும்போது நீங்கள் ஷட் டவுன் அழுத்தினாலும் விண்டோஸின் மையப்பகுதி ஹைபர்னேட்தான் ஆகிறது. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் அமைப்புகளுக்குள் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட் வந்த பின் மறுபடி ஒருமுறை பாருங்கள். ரீஸ்டார்ட் கொடுக்கும்போது மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. அது முழு அணைப்பு.

கை வைப்பதற்கு முன்

டிஸ்க்கின் உடல்நலம் முதலில். டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் தகவலைக் காட்டும் எந்தக் கருவியிலும் 5, 197 ஆகிய இரு எண்களைப் பாருங்கள். 5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 197-இல் பூஜ்யம் தவிர எது இருந்தாலும் அந்த டிஸ்க்கில் பார்ட்டிஷன் வேலை செய்யாதீர்கள். டேட்டாவை எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தாலும் முக்கியக் கோப்புகளின் நகல் வெளி டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

அடுத்து, விண்டோஸ் எந்த முறையில் பூட் ஆகிறது என்று பாருங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் பயாஸ் மோட் என்ற வரியில் லெகசி (பழைய முறை) அல்லது யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்று இருக்கும். லினக்ஸ் யூஎஸ்பியையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். ஒன்று லெகசியிலும் மற்றது யூஇஎஃப்ஐயிலும் நிறுவப்பட்டால் எந்தச் சிஸ்டம் வேண்டும் என்று பூட் ஆகும்போது கேட்கும் லினக்ஸின் கிரப் மெனுவிலிருந்து விண்டோஸுக்குப் போக முடியாது. லெகசி என்றால் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணையில் இருக்கும்: நான்கு பிரைமரி பார்ட்டிஷன், அல்லது மூன்று பிரைமரியும் ஓர் எக்ஸ்டெண்டடும். எக்ஸ்டெண்டடுக்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களை வேண்டிய அளவு போடலாம். ஜிபிடி என்ற புதிய அட்டவணையில் இந்தத் தொல்லை இல்லை, சாதாரணமாக 128 பார்ட்டிஷன்வரை இடமிருக்கிறது. அதற்காக ஓடுகிற எம்பிஆர் டிஸ்க்கை ஜிபிடிக்கு மாற்றச் சொல்ல மாட்டோம். 2011, 2012 மாடல்கள் சிலவற்றின் யூஇஎஃப்ஐ அரைகுறையானது. விண்டோஸின் பூட் கோப்பை மட்டுமே தேடும், லினக்ஸைக் கண்டுகொள்ளாது. 500 ஜிபி டிஸ்க்குக்கு எம்பிஆர் தாராளமாகப் போதும்.

விண்டோஸ் 7 காலத்து எச்பி லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். அவற்றில் பல, நான்கு பிரைமரியும் நிரம்பித்தான் கடையிலிருந்து வந்தன: சிஸ்டம், சி, ரிகவரி, எச்பி டூல்ஸ். சி-யைச் சுருக்கிக் கிடைத்த இடத்தில் விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மெண்டில் புது பார்ட்டிஷன் போடப் போனால், டிஸ்க்கை டைனமிக் ஆக மாற்றட்டுமா என்று அது கேட்கும். சம்மதித்துவிடாதீர்கள். டைனமிக் டிஸ்க்கில் லினக்ஸ் நிறுவுவதும் கடினம், பழையபடி மாற்றுவதும் கடினம். ஏறக்குறைய 100 எம்பி மட்டுமே உள்ள எச்பி டூல்ஸை நகலெடுத்துவிட்டு நீக்குங்கள். நான்காவது இடம் காலியாகும், அங்கே எக்ஸ்டெண்டட் போடலாம். ரிகவரியை நீக்குவதானால் அதற்கு முன் ரிகவரி டிவிடியோ யூஎஸ்பியோ எழுதி வைத்திருக்க வேண்டும்.

சி-யைச் சுருக்குவதை விண்டோஸைக் கொண்டே செய்யுங்கள். 200 ஜிபி காலியாக இருந்தும் 40 ஜிபிக்கு மேல் சுருங்க மறுக்கிறது என்றால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் குறுக்கே கிடக்கின்றன என்று பொருள். ஹைபர்னேஷனையும் பேஜ் ஃபைலையும் (விண்டோஸின் ஸ்வாப்) சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயலுங்கள். வலது ஓரத்தைச் சுருக்குவது சில நிமிட வேலை. ஆனால் ஒரு பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்துவது வேறு கதை: உள்ளே இருக்கும் எல்லாமே படித்து மறுபடி எழுதப்பட வேண்டும். பழைய டிஸ்க்கில் 100 ஜிபிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும், நடுவில் மின்சாரம் போனால் அந்தப் பார்ட்டிஷன் போனது போனதுதான். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் பிற்பகலுக்கு மேல் இடி உறுதி. பேட்டரி செத்த லேப்டாப்பில் இந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

லினக்ஸுக்கு மட்டும் ஹைபர்னேஷன்

பெரும்பாலோருக்கு எங்கள் பரிந்துரை இதுவே. தினசரி வேலை லினக்ஸில், விண்டோஸ் எப்போதாவது என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. விண்டோஸில் ஹைபர்னேஷனை முழுக்க நிறுத்திவிடலாம். ரேமில் 40 விழுக்காட்டு அளவுக்குச் சி-யில் இடம்பிடித்திருந்த கோப்பு மறையும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்தே போய்விடும்.

500 ஜிபி டிஸ்க் உண்மையில் 465 ஜிபி என்று காட்டும். ரேம் 8 ஜிபி என்று கொண்டால் பங்கீடு இப்படி: முன்னால் விண்டோஸின் 500 எம்பி பூட் பார்ட்டிஷன், அதன் பின் சி 130 ஜிபி, இரண்டும் பிரைமரி. மீதி முழுவதும் எக்ஸ்டெண்டட். அதற்குள் முதலில் ஸ்வாப் 10 ஜிபி, அடுத்து லினக்ஸ் ரூட் (சிஸ்டம் இருக்கும் இடம்) 40, ஹோம் (உங்கள் கோப்புகள்) 250, கடைசியில் இரண்டு சிஸ்டத்துக்கும் இடையே கோப்பு கைமாற்ற என்டிஎஃப்எஸ்ஸில் 30 ஜிபி.

ஸ்வாப் முன்னால் இருப்பதற்குக் காரணம் உண்டு. சுழலும் டிஸ்க்கில் தொடக்க முகவரிகள் தட்டின் வெளி விளிம்பில் இருக்கின்றன. அங்கே ஒரு சுற்றில் அதிகத் தகவல் கடக்கிறது. விநாடிக்கு 80 முதல் 100 எம்பி வரை கிடைத்தால், உள்விளிம்பில் ஏறக்குறைய பாதிதான். 3 ஜிபி படிமத்தை (ரேமின் நகல்) எழுதவோ படிக்கவோ வெளியே அரை நிமிடம், உள்ளே ஒரு நிமிடத்துக்கு மேல். நாளுக்கு இரண்டு முறை ஹைபர்னேட் செய்பவருக்கு இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

இருமடங்கு ஸ்வாப் தேவையில்லை. லினக்ஸ் முதலில் ரேமுக்குள்ளேயே ஒரு நகல் எடுத்துத்தான் பிறகு டிஸ்க்கில் எழுதுகிறது. ஆகவே படிமம் ரேமில் ஏறத்தாழ பாதியைத் தாண்டுவதில்லை, இயல்பான இலக்கு ஐந்தில் இரண்டு பங்கு. எழுதும்போது சுருக்கவும் செய்கிறது. ஏற்கெனவே ஸ்வாப்புக்குப் போன பக்கங்களுக்கும் இடம் வேண்டும் என்பதால் ரேம் அளவும் அதற்கு மேல் ஓரிரண்டு ஜிபியும் போதும். பின்னால் 16 ஜிபி ரேம் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே 18 ஒதுக்குங்கள். நடுவில் உள்ள பார்ட்டிஷனைப் பிறகு பெரிதாக்குவது முன்சொன்ன நகர்த்தல் வேலைதான்.

முதன்மைக் கோப்புகள் எல்லாம் லினக்ஸின் ஹோமில், எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் இருக்கட்டும். விண்டோஸால் அதைப் படிக்க முடியாது என்பது இங்கே குறையல்ல, அதுதான் காவல். விண்டோஸில் தேவைப்படும் கோப்பை மட்டும் 30 ஜிபி கைமாற்றுப் பார்ட்டிஷனில் போடுங்கள். அதை லினக்ஸ் தானாக மவுண்ட் செய்யாதபடி (திறந்து இணைக்காதபடி), எந்தெந்தப் பார்ட்டிஷனைத் திறக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டாப் கோப்பில் நோஆட்டோ கொடுத்துவிடுங்கள். தேவையானபோது மவுண்ட், வேலை முடிந்ததும் அன்மவுண்ட். ஹைபர்னேட் ஆகும் நேரத்தில் அது அன்மவுண்ட் ஆகியிருந்தால் விண்டோஸ் அங்கே என்ன செய்தாலும் பாதகமில்லை.

ஸ்வாப் பார்ட்டிஷனா, ஸ்வாப் ஃபைலா?

உபுண்டு, மிண்ட் ஆகிய லினக்ஸ் வகைகள் கேட்காமல் விட்டால் ஸ்வாப் ஃபைல்தான் போடும், அதுவும் 2 அல்லது 4 ஜிபி. அதில் ஹைபர்னேட் ஆகாது. ஃபெடோரா இயல்பாக ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் மட்டும் தருகிறது. டிஸ்க்கில் ஒன்றும் இல்லை, எனவே ஹைபர்னேஷனும் இல்லை. ஃபைலைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், விரும்பியபோது அளவை மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் விழிக்கும்போது ஃபைல் சிஸ்டத்தைத் திறக்காமலே படிமத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால், பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடியோடு ஃபைல் தொடங்கும் இடத்தின் ஆஃப்செட் எண்ணையும் கிரப் வரியில் எழுத வேண்டும். ஃபைலை அழித்து மறுபடி உருவாக்கினால் அந்த எண் மாறும். மாற்ற மறந்தால் லினக்ஸ் படிமத்தைக் காணாமல் புதிதாக பூட் ஆகிவிடும், திறந்திருந்தவை போய்விடும். பழைய டிஸ்க், பல சிஸ்டம் என்ற நிலையில் பார்ட்டிஷனே மேல். டெபியன் வழிவந்தவை நிறுவும்போதே அதைக் கண்டுகொண்டு விழிக்கும் இடமாகப் பெரும்பாலும் தாமே பதிந்துகொள்ளும்.

யூஇஎஃப்ஐ மெஷினில், கையொப்பமிட்ட சிஸ்டத்தை மட்டும் பூட் செய்யவிடும் செக்யூர் பூட் இயங்கினால் உபுண்டு, ஃபெடோரா கெர்னல்கள் (லினக்ஸின் மையப்பகுதி) ஹைபர்னேஷனைப் பூட்டிவிடும். என்னதான் ஸ்வாப் போட்டாலும் நடக்காது. பயாஸில் செக்யூர் பூட்டை நிறுத்துவது ஒன்றே எளிய வழி.

லேப்டாப் தொலைந்தால் என்ன ஆகும் என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்வாப்பில் எழுதப்படுவது ரேமின் நகல். பாஸ்வேர்டுகளும் அதில் இருக்கும். நிறுவும்போதே மறைகுறியாக்கிய எல்விஎம் (பல பகுதிகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ஏற்பாடு) தேர்ந்தெடுத்து, ரூட், ஹோம், ஸ்வாப் மூன்றையும் ஒரே பூட்டுக்குள் வைத்துவிடலாம். ஒவ்வொரு பூட்டிலும் புதுச் சாவி உருவாக்கும் வகை ஸ்வாப் மட்டும் கூடாது. பழைய சாவி போனபின் படிமத்தைத் திறக்க வழியில்லை.

விண்டோஸுக்கு மட்டும்

முழுநாளும் விண்டோஸில் கணக்கு வேலை, லினக்ஸ் இணைய வங்கிக்கு மட்டும் என்றால் இதுவும் நியாயமான தேர்வே. சி-க்கு 200 ஜிபிக்குக் குறையாமல் கொடுங்கள், கோப்புகளை என்டிஎஃப்எஸ்ஸில் வையுங்கள், லினக்ஸுக்கு 40 ஜிபியும் 2 ஜிபி ஸ்வாப் ஃபைலும் போதும். லினக்ஸ் உங்கள் டி டிரைவைத் திறக்கும்போது படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்யட்டும். எழுத முடியவில்லை என்ற பிழை வந்தால், ஹைபர்னேஷன் கோப்பை நீக்கிவிட்டு மவுண்ட் செய்யும் விருப்பத்தை நாடாதீர்கள். அது விண்டோஸில் சேமிக்காமல் விட்டதையெல்லாம் அழித்துவிடும்.

விண்டோஸும் இரண்டு லினக்ஸும்

பல்கலைக்கழக மாணவர்கள் மிண்டோடு ஃபெடோராவையும் வைத்துப் பார்க்க விரும்புவதுண்டு. இங்கே நடக்கும் தவறு, இரண்டுக்கும் ஒரே ஸ்வாப். முதல் லினக்ஸ் ஹைபர்னேட் ஆகிக் கிடக்கும்போது இரண்டாவது அதே ஸ்வாப்பை ஃபார்மேட் செய்தால் படிமம் அழியும். நிறுவும்போது இரண்டாவதின் இன்ஸ்டாலர் ஸ்வாப்பை ஃபார்மேட் செய்தாலே அதன் யூயூஐடி மாறிவிடும். அதற்குப் பின் முதல் லினக்ஸ் ஒவ்வொரு பூட்டிலும் இல்லாத ஸ்வாப்பைத் தேடி 90 விநாடி நிற்கும். திடீரென்று பூட் மெதுவாகிவிட்டது என்று வரும் புகார்களில் இதையும் தேடிப் பாருங்கள். எஃப்எஸ்டாப்பில் புது யூயூஐடி எழுதி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்தால் சரியாகும். ஹைபர்னேட் ஆகும் லினக்ஸுக்குத் தனி ஸ்வாப், மற்றதற்கு இசட்ரேம்: இதுவே சுத்தமான ஏற்பாடு. ஹோம் பார்ட்டிஷனையும் பகிராதீர்கள்.

இரண்டாவது டிஸ்க்

செலவுக்கு மனமிருந்தால், பார்ட்டிஷன் கணக்கையெல்லாம் விட இது மேல். லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் அதைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு கேடியில் (டிஸ்க்கைத் தாங்கும் சட்டம்) பழைய டிஸ்க்கை மாட்டி, முதன்மை இடத்தில் எஸ்எஸ்டி போடலாம். கேடி 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமனில் வருகிறது. புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவுக்கோ பினாங்கு கொம்தார் பக்கத்துக் கடைகளுக்கோ போகும்போது கழற்றிய டிவிடி டிரைவைக் கையோடு கொண்டுபோங்கள், அளவு தவறாது. திங்க்பேட் டி420, டி430, எக்ஸ்220, எக்ஸ்230 வைத்திருப்பவர்கள் உள்ளே சிறிய எஸ்எஸ்டியைச் செருகும் எம்சாட்டா ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்கலாம். அது விநாடிக்கு 3 கிகாபிட் வேகம்தான், ஆனாலும் ஹைபர்னேஷனுக்குத் தாராளம்.

எஸ்எஸ்டியில் லினக்ஸும் ஸ்வாப்பும், பழைய டிஸ்க்கில் விண்டோஸ். கிரப்பை எஸ்எஸ்டியில் மட்டும் எழுதுங்கள். எம்பிஆர் முறையில் விண்டோஸை மறுபடி நிறுவினால் அது டிஸ்க்கின் பூட் குறியீட்டைத் தன் பேரில் எழுதிக்கொள்ளும். அந்த நேரம் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்தால் கிரப் தப்பிக்கும். எஸ்எஸ்டி தேய்ந்துபோகுமோ என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை: நாளுக்கு 4 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு ஒன்றரை டெராபைட்டுக்குள்தான். ஒன்று மட்டும் மாறாது. கேடியில் உள்ள டிஸ்க்கை லினக்ஸில் மவுண்ட் செய்து வைத்தபடி ஹைபர்னேட் செய்தால், முன்பு சொன்ன அதே சேதம் அங்கேயும் வரும்.

முடித்த பின் சரிபார்ப்பது

பவர் பட்டனை அழுத்தியதும் தவறான சிஸ்டத்துக்குள் போய்விடுவதுதான் விபத்துகளின் பொதுவான தொடக்கம். கிரப் அமைப்பில் டிஃபால்ட்டை சேவ்ட் என்றும், சேவ்டிஃபால்ட்டை ட்ரூ என்றும் வைத்தால் கடைசியாகப் பயன்படுத்திய சிஸ்டமே மறுபடி வரும். புதிய கிரப் பதிப்புகளில் விண்டோஸ் மெனுவில் தெரியாவிட்டால், பிற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் 2.06 பதிப்பிலிருந்து இயல்பாக நிறுத்தப்பட்டிருப்பதே காரணம். அதை இயக்கிவிட்டு கிரப்பைப் புதுப்பியுங்கள்.

விண்டோஸ் கடிகாரம் சரியாக 8 மணி நேரம் பின்னால் ஓடினால் டிஸ்க்கில் கோளாறு தேட வேண்டாம். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே மலேசிய நேரமாகப் படிக்கிறது. லினக்ஸில் உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டால் தீரும்.

ஹைபர்னேட் பட்டன் மெனுவில் இல்லையென்றால் டெர்மினலில் சிஸ்டம்சிடிஎல் ஹைபர்னேட் கொடுத்துச் சோதியுங்கள். முதல் சோதனை எதுவும் முக்கியமாகத் திறந்திராத நிலையில். அடுத்தது பிரவுசரில் இருபது டேப் திறந்து, ரேம் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும்போது. மூன்றாவது, ஹைபர்னேட் செய்துவிட்டு விண்டோஸுக்குள் போய், கைமாற்றுப் பார்ட்டிஷனில் ஒரு கோப்பைச் சேமித்து, முழுதாக ஷட் டவுன் செய்து, லினக்ஸை எழுப்பி, அந்தக் கோப்பு ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்ப்பது. கெர்னல் அப்டேட் ஆன நாளில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்த பிறகே ஹைபர்னேட் செய்யுங்கள்.

பேட்டரி தீரும்போது தானாக ஹைபர்னேட் ஆகும் அளவை மிகக் குறைந்த விழுக்காட்டில் விட்டுவிடாதீர்கள். தளர்ந்த பேட்டரி 12 என்று காட்டிக்கொண்டே சட்டென்று விழும், படிமம் எழுதி முடிக்கவோ அரை நிமிடமாவது வேண்டும். லினக்ஸில் பேட்டரியைக் கவனிக்கும் யூபவர் சேவையின் அமைப்புக் கோப்பில் செயல்படும் விழுக்காட்டை 20 ஆக்கி, குறைவு, நெருக்கடி விழுக்காடுகளை அதைவிட மேலே வைத்து, நெருக்கடிச் செயலை ஹைபர்னேட் என்று மாற்றி, அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.